முறுக்கு அச்சு முதல் மணிக்கட்டுப் பட்டை வரை: முடக்குவாதக் கைக்கு வாங்கிய சாமான்கள்

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அவசரக்காரர்கள் இதோடு போய்விடலாம். முடக்குவாதம் (ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ்) வந்த கைக்கு அடுப்படிச் சாமான் தேடுகிறவர்கள் முதலில் வாங்க வேண்டியது ஹார்ட்வேர் கடையில் கிடைக்கும் கறுப்பு நுரைக் குழாய். அடுத்தது குழல் குறுகலான திருகு முறுக்கு அச்சு. பாசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில் 'ஒரே ராத்திரியில் வலி பறந்துவிடும்' என்று விற்கும் மாத்திரையை மட்டும் இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். நடுவில் இருக்கும் சாமான்களைப் பற்றித்தான் நிறைய பேச வேண்டியிருக்கிறது.

நான் மலேசியாவில் பேராக் மாநிலம், சுங்கை சிப்புட்டில் வீட்டில் இருந்தபடி பலகாரம் செய்து விற்கிறவள். அம்மா பால்மரம் வெட்டினார். தோட்டம் செம்பனைக்கு மாறிய பிறகு லயத்தை (தோட்டத்து வரிசை வீட்டை) விட்டுத் தாமான் என்கிற குடியிருப்புப் பேட்டை வீட்டுக்கு வந்த குடும்பம். இந்த ஊரில் பாதிப் பேர் வீட்டில் இதே கதைதான். தீபாவளிக்கு முறுக்கு, ஓமப்பொடி, அச்சு முறுக்கு. கல்யாண மாதங்களில் சீர்த்தட்டுக்கு அதிரசம். எனக்குக் கைதான் மூலதனம், அந்தக் கையில்தான் முடக்குவாதம் வந்து உட்கார்ந்திருக்கிறது. ஆகவே இங்கே சாமான்களுக்கு மார்க் போடுவது விளம்பரத்தைப் பார்த்து இல்லை. தீபாவளி ஆர்டர் நேரத்தில் எது கை கொடுத்தது, எது கையைக் கெடுத்தது என்பதை வைத்து.

'மூட்டுவலி யாருக்குத்தான் இல்லை?' என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. வயசாகி மூட்டு தேய்வது வேறு, இது வேறு. தேய்மானம் பெரும்பாலும் முட்டியில், கட்டைவிரல் அடியில், நகத்துக்குப் பக்கத்து மூட்டில் தெரியும். வேலை செய்யச் செய்ய வலிக்கும், உட்கார்ந்தால் தணியும். முடக்குவாதம் தலைகீழ். கிருமியை அடிக்க வேண்டிய நம் உடம்பின் காவல் படை ஆள் மாறி மூட்டுக்குள் இருக்கும் மெல்லிய சவ்வைத் தாக்குகிறது. அதனால் விரல் கணு, நடு மூட்டு, மணிக்கட்டு, பாதத்தில் விரல் தொடங்கும் இடம் எல்லாம் வீங்கும். நகத்தை ஒட்டிய மூட்டை அநேகமாக விட்டுவிடும். வலது கையில் வந்த இடத்திலேயே பெரும்பாலும் இடது கையிலும் வரும். ஓய்வெடுத்தால்தான் விறைப்பு கூடும். காலையில் எழுந்தால் ஒரு மணி நேரம் வரைக்கும் விரல் மடங்காது. பசியாற ரொட்டி சானாய் வாங்கி வைத்திருப்பார்கள், அதைப் பிய்க்க முடியாது.

உள்ளே நடப்பது இதைவிட மோசம். வீங்கிய சவ்வு தடித்து வளர்ந்து, கறையான் கதவு நிலையை ஓரத்திலிருந்து அரிப்பதுபோலக் குருத்தெலும்பையும் எலும்பு விளிம்பையும் அரிக்கும். மூட்டைக் கட்டி வைத்திருக்கும் நார்கள் தளர்ந்து, விரல்கள் கொஞ்சம் கொஞ்சமாகச் சுண்டுவிரல் பக்கம் சாயும். அரித்த எலும்பு திரும்ப வளராது. அதனால்தான் ஆரம்ப மாதங்களிலேயே மருந்து தொடங்கு என்று டாக்டர்கள் விரட்டுகிறார்கள். மூட்டோடும் நிற்பதில்லை. ரத்தசோகை வரும், கண் வறளும், நுரையீரலில் தழும்பு விழலாம், மாரடைப்பு ஆபத்தும் கூடும். எல்லாவற்றுக்கும் மேலே ஓர் அசதி. தூங்கி எழுந்தாலும் போகாது. வீட்டில் உள்ளவர்களுக்குப் புரியாதது இந்த அசதிதான். வீக்கத்தைக் காட்டலாம், இதைக் காட்ட முடியாது.

அம்மா இன்றைக்கும் பிரட்டுக்களத்து (விடியற்காலையில் தோட்டத்து ஆட்களுக்குப் பேர் கூப்பிடும் இடத்து) பனியைத்தான் குற்றம் சொல்வார். விடியற்காலைப் பனியில் நின்றதால் வருவதில்லை, பச்சைத் தண்ணீரில் துணி அலசியதாலும் வருவதில்லை. ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகம் வருகிறது. சிகரெட் பிடித்தால் ஆபத்து கூடும். இவ்வளவும் உறுதியாகத் தெரிந்தது.

இனி சாமான்கள். எனக்கு அளவுகோல் கொடுத்தது ஆஸ்பத்திரியின் செயல்வழிச் சிகிச்சைப் பிரிவில் (ஆக்குபேஷனல் தெரபி) இருந்த ஒரு மலாய்ப் பெண். "ஆன்ட்டி, விரல் செய்வதை உள்ளங்கைக்குக் கொடுங்கள். உள்ளங்கை செய்வதை முழங்கைக்குக் கொடுங்கள். முழங்கைக்கும் பாரமானால் உடம்பையே சாய்த்துக்கொள்ளுங்கள்" என்றார். சின்ன மூட்டின் சுமையைப் பெரிய மூட்டுக்குத் தள்ளும் சாமான் நல்ல சாமான். கீழே எதற்கு எந்த மார்க் என்றாலும் காரணம் இதுதான்.

முறுக்கு அச்சு. இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும்.

வீட்டில் இருந்தது அம்மாவின் பித்தளை அச்சு. மேல் குழலுக்கு இரண்டு, கீழ்க் குழலுக்கு இரண்டு என்று நாலு பிடி. நாலையும் பிடித்து அமுக்க வேண்டும். அமுக்கும் பலம் முழுக்க மடங்கின விரல் கணுக்கள் வழியாகத்தான் இறங்கும். வீங்கிய கணுவோடு அதை அமுக்கினால் ஈடு ஏறும் முன்பே கை சுட ஆரம்பித்துவிடும். இதைப் பார்த்த மகள் இணையத்தில் ஒன்று வாங்கி அனுப்பினாள். துப்பாக்கி மாதிரி, விசையை இழுக்க இழுக்க மாவு வரும். படத்தில் ஒரு வெள்ளைக்காரப் பெண் சிரித்துக்கொண்டே பிஸ்கட் பிழிகிறாள். பிஸ்கட் மாவு வெண்ணெய் மாவு, இளகியிருக்கும். முறுக்கு மாவைப் போட்டால் விசை அசையவில்லை. அசைந்தபோது நாலு விரலும் ஒன்றாகச் சுருங்க வேண்டியிருந்தது. முடக்குவாதக் கைக்கு இதைவிட மோசமான அசைவு இல்லை. பிளாஸ்டிக் பல்லும் சீக்கிரமே வழுக்க ஆரம்பித்தது. இப்போது பேரப்பிள்ளைக்கு விளையாட்டுச் சாமான்.

அடுத்து பட்டணத்தில் பாய் பாத்திரக்கடை. திருகு அச்சில் இரண்டு வகை வைத்திருந்தார். ஒன்று அகலக் குழல், இன்னொன்று குறுகல். "பெருசா எடுங்கக்கா, ஒரு தடவை மாவு அடைச்சா ஒரு தட்டு சுத்திடலாம்" என்றார். வீட்டுக்குப் போய் முறுக்கு மாவு பிசைந்து டப்பாவில் எடுத்துக்கொண்டு திரும்பினேன். அவர் கல்லாவுக்குப் பக்கத்திலேயே இரண்டிலும் போட்டுத் திருகிப் பார்த்தேன். "அக்கா, கடைய அடுப்படி ஆக்கிடாதீங்க" என்றார், ஆனால் அடியில் ஒரு பழைய தமிழ்ப் பத்திரிகையையும் விரித்துக் கொடுத்தார். அகலக் குழலில் உள்ளங்கை அழுத்தியும் திருகு பாதியில் நின்றது. குறுகல் குழலில் தயங்காமல் இறங்கியது.

காரணம் பள்ளிக்கூடத்துக் கணக்கு. அடித் துவாரம் ஒன்றேயானாலும், மாவின் மேல் பரப்பு கூடக் கூட அதே அழுத்தத்துக்கு அதிக பலம் வேண்டும். குழலின் விட்டம் 4 சென்டிமீட்டரிலிருந்து 6 சென்டிமீட்டராக ஆனால் பலம் ஒன்றரை மடங்கு இல்லை, இரண்டேகால் மடங்கு. 'ஒரே தடவையில் நிறைய' என்று பெட்டியில் போட்டிருப்பது நல்ல கைக்கு வசதி, நம் கைக்குப் பகை. குறுகல் குழலில் அடிக்கடி மாவு அடைக்க வேண்டும். அடைப்பதில் வலி இல்லை, போகட்டும்.

திருகு அச்சிலும் குறை உண்டு. மேலே இருக்கும் திருகுக் கம்பி பென்சில் கனம்தான். அதை விரலால் பிடித்துச் சுற்றினால் பழையபடிதான். நான் நுரைக் குழாயை மாட்டி உருட்டுக்கட்டை கனத்துக்குக் கொண்டுவந்தேன். இப்போது உள்ளங்கை ஓரத்தால் தள்ளிச் சுற்ற முடிகிறது. எண்ணெய்ச் சட்டிக்கு மேலே அச்சைத் தூக்கிப் பிடிப்பதையும் நிறுத்திவிட்டேன். மேசையில் நெய்த்தாள் துண்டுகளை வரிசையாக வைத்து, குழலை மேசைக்கு நெருக்கமாகப் பிடித்துப் பிழிந்து, பிறகு தாளோடு எடுத்துச் சரித்து எண்ணெயில் நழுவ விடுகிறேன். நடுவில் கை நொந்தால் நிறுத்திவைக்கலாம், எண்ணெய் காய்ந்துகொண்டு அவசரப்படுத்தாது. மாவையும் வெதுவெதுப்பான தண்ணீர் விட்டு ஒரு சுற்று தளர்வாகப் பிசைகிறேன். அளவு தாண்டினால் முறுக்கு எண்ணெய் குடிக்கும். அந்த எல்லையை ஒவ்வொருவரும் தன் மாவில் கண்டுபிடித்துக்கொள்ள வேண்டியதுதான்.

அடி மூடியின் மரையில் மாவு காய்ந்தால் இறுகிப்போகும். இங்கேதான் அந்த மலாய்ப் பெண் சொன்னது உதவியது. மூடியைத் திறக்க இடது கை, மூட வலது கை. நான் நம்பவில்லை, வீட்டில் ஊறுகாய்ப் பாட்டிலை வைத்துச் செய்து பார்த்தேன். வலது கையை மூடி மேல் வைத்துத் திறக்கும் பக்கம் திருப்பினால் மூடி கொடுக்கும் எதிர்ப்பு விரல்களைச் சுண்டுவிரல் பக்கம் தள்ளுகிறது. நோய் சாய்க்கும் பக்கமும் அதுவேதான். இடது கையால் திறந்தால் கட்டைவிரல் பக்கம் தள்ளும். மூடி மேல் இழுப்பறைக்கு விரிக்கும் வழுக்காத ரப்பர் துண்டு ஒன்றைப் போட்டு உள்ளங்கையால் அமுக்கித் திருப்பினால் பெரும்பாலான பாட்டில் திறந்துவிடும். துண்டு இரண்டு மூன்று வெள்ளி (ரிங்கிட்). காலம் முழுக்க ரப்பர் எடுத்த ஊரில் பிறந்து ரப்பரைக் காசு கொடுத்து வாங்குகிறேனே என்று அம்மாவுக்குச் சிரிப்பு.

நுரைக் குழாய்க்கு வருகிறேன். ஏர்கோன் செம்புக் குழாய்க்குச் சுற்றும் கறுப்பு நுரைதான். ஓர் ஆள் உயரத்துக்கு விற்கிறார்கள், கத்தரித்துக்கொள்ளலாம். பல் துலக்கும் பிரஷ், கரண்டி, பேனா, சாவி, கத்தி எதில் வேண்டுமானாலும் செருகலாம். பிடி தடித்தால் விரல் இறுக மடங்க வேண்டாம். பாதி மடங்கினாலே போதும், அவ்வளவுதான் ரகசியம். ஆஸ்பத்திரிச் சாமான் கடையில் 'தடித்த பிடி கரண்டி' என்று இதே நுரையை வேறு நிறத்தில் பார்த்தேன். விலையைக் கேட்டுவிட்டு வந்துவிட்டேன். ஓர் எச்சரிக்கை. அச்சு முறுக்குக் கம்பியில் இதை மாட்டாதீர்கள். கொதிக்கும் எண்ணெய்க்குப் பக்கத்தில் நுரை உருகி நாறும். அதற்குப் பருத்தித் துணியைச் சுற்றிக் கயிற்றால் கட்டினால் போதும்.

கத்தி விஷயத்தில் நான் கட்சி மாறியிருக்கிறேன். பிடி மேல்நோக்கி வளைந்த, ரம்பம் மாதிரிப் பிடிக்கும் கத்தி ஒன்று இருக்கிறது. மணிக்கட்டு நேராக நிற்கும், நல்ல சாமான்தான், ஏறக்குறைய 40 வெள்ளி. ஆனால் யோசித்துப் பாருங்கள், நம்முடைய அரிவாள்மணையில் பிடியே இல்லை. காயை இரண்டு உள்ளங்கையாலும் தள்ளுகிறோம், வெட்டுவது மணை. விரல் இறுக்க வேண்டிய வேலையே கிடையாது. தரையில் உட்கார முட்டி ஒத்துழைக்காது என்பதுதான் சிக்கல். எங்கள் வீட்டுக்காரர் மணையின் பலகையை மேசை ஓரத்தில் தச்சர் வைக்கும் இறுக்கியால் இறுக்கிக் கொடுத்தார். பூசணியும் வாழைக்காயும் இப்போது அதில்தான். சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் மட்டும் செய்ய வேண்டாம்.

சாய்க்கும் கிரைண்டர் நல்லது, கல்லோடு பாத்திரத்தைத் தூக்க வேண்டியதில்லை. ஆனால் நான் வாங்கியதில் மூடிக் கொக்கி நகத்தால் நெம்ப வேண்டிய அளவுக்குப் பொடிசு. செய்தவர் கையில் நோவு இல்லை போலும். தேங்காய்த் துருவிகளைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. சந்தையில் மெஷினில் துருவித் தருகிறார்கள், வாங்கிக்கொள்ளுங்கள், இதில் கௌரவம் பார்க்க வேண்டாம்.

மெழுகுத் தொட்டி. உடற்பயிற்சிச் சிகிச்சை அறையில் பார்த்து ஆசைப்பட்டு வாங்கியது. உருகிய பாரஃபின் மெழுகில் கையை முக்கி எடுத்து, ஆறவிட்டு, மறுபடி முக்கி, ஏழெட்டுப் படலம் ஏறியதும் பிளாஸ்டிக் பையும் துவாலையும் சுற்றி ஒரு கால் மணி நேரம் வைத்திருக்க வேண்டும். மெழுகின் சூடு 50 டிகிரிக்குக் கொஞ்சம் மேலே. கழற்றும்போது விரல் இளகியிருக்கும், உண்மை. ஆனால் கட்டி மெழுகு உருகவே மணிக்கணக்கு ஆகிறது. கை விறைத்துக் கிடக்கும் விடியற்காலையில் மெழுகும் விறைத்துத்தான் கிடக்கும். ராத்திரியே நேரம் வைக்கும் சுவிட்சு ஒன்று தனியாக வாங்கி மாட்டிய பிறகுதான் பிரயோசனம். மூட்டு சிவந்து கொதிக்கிற நாளில் இதைத் தொடக் கூடாது, அன்றைக்குத் துணியில் சுற்றிய ஐஸ்தான். புண் இருந்தாலும், மரத்துப்போன கையென்றாலும் கூடாது. பாரஃபின் மருந்தில்லை, நோயைத் தடுக்காது. இளகிய கையால் உடனே பயிற்சி செய்தால்தான் போட்ட காசுக்கு அர்த்தம். விரலை ஒவ்வொன்றாகக் கட்டைவிரலோடு தொடுவது, மேசையில் உள்ளங்கையை விரித்து விரல்களைக் கட்டைவிரல் பக்கம் நகர்த்துவது, பிசைந்த மாவு உருண்டையை மெதுவாக அமுக்குவது. பணம் இடிக்கிறது என்றால் ஒரு மங்கில் வெதுவெதுப்பான தண்ணீரை வைத்து அதற்குள்ளேயே இதையெல்லாம் செய்யுங்கள். எனக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

மணிக்கட்டுப் பட்டையை ஆஸ்பத்திரியில் என் கைக்கு அளவெடுத்துச் செய்து கொடுத்தார்கள். ஒரு வகை பிளாஸ்டிக் தகட்டைச் சுடுநீரில் போட்டு இளக்கி, கை மேல் வைத்து அமுக்கினால் அப்படியே கை வடிவத்தில் இறுகிவிடும். ராத்திரி அதைக் கட்டிக்கொண்டு படுத்தால் மணிக்கட்டு மடங்காது, தூக்கம் கலையாது. நம் ஊர் வெக்கையில் உள்ளே வேர்க்கும், பருத்திக் கையுறை போட்டு அதன் மேல் கட்டலாம். பகல் முழுக்கக் கட்டிக்கொண்டே திரிந்தால் தசை சோம்பிவிடும் என்று எச்சரித்தார்கள். அதைவிட முக்கியம், வெயிலில் நிறுத்திய காருக்குள் வைக்காதீர்கள். சுடுநீரில் இளகிய தகடு டேஷ்போர்டு சூட்டிலும் இளகும். வேறு யாருடைய கை மாதிரியோ ஆகிவிடும். கடையில் விற்கும் ஒட்டுப்பட்டை வைத்த துணி உறை மாவு பிசையாத வேலைகளுக்குப் பரவாயில்லை.

மாத்திரை டப்பா. ஏழு நாளுக்கு ஏழு அறை, பார்க்க அழகு. அறை மூடியை நக நுனியால் நெம்ப வேண்டும். நம்மால் முடியாது, கரண்டிக் காம்பை வைத்துத்தான் நெம்புகிறேன். டப்பாவில் இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. முடக்குவாதத்துக்கு முதலில் கொடுக்கும் மருந்து பெரும்பாலும் மெத்தோட்ரெக்சேட். வாரத்துக்கு ஒரே ஒரு நாள்தான் போட வேண்டும். தினசரி மாத்திரை என்று நினைத்து ஏழு அறையிலும் போட்டுவைத்து விழுங்கினால் ரத்த அணுக்கள் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். என்னுடைய மெத்தோட்ரெக்சேட் டப்பாவுக்குள் போவதே இல்லை. பாட்டிலோடு சாமி அறைக் காலண்டருக்குப் பக்கத்தில் இருக்கும், கிழமை பெரிதாக எழுதி ஒட்டியிருக்கிறது. ஃபோலிக் ஆசிட் அதோடு சேர்ந்து வரும், குமட்டலையும் வாய்ப்புண்ணையும் குறைக்கும். அதை எந்த நாளில் போடுவது என்று டாக்டர் சொன்னபடி. ஈரலுக்கும் ரத்த அணுவுக்கும் தவறாமல் ரத்தச் சோதனை. மது தொடக் கூடாது. பிள்ளை பெறும் எண்ணம் உள்ள பெண்கள் டாக்டரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும், இந்த மருந்து கருவுக்கு ஆகாது. பலன் தெரியவே சில வாரங்கள் ஆகும். அதற்குள் 'கேட்கவில்லை' என்று விட்டுவிடுகிறவர்களை எனக்குத் தெரியும். ஹைட்ராக்சிக்குளோரோகுயின் போடுகிறவர்கள் கண் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள்.

ஈப்போவில் பெரிய ஆஸ்பத்திரி நிபுணர் கிளினிக்குக்குக் குடிமக்களுக்கு 5 வெள்ளிதான், மருந்தும் அதற்குள்ளேயே. பஸ்ஸும் காத்திருப்பும் தான் செலவு. ஆகவே சாமான் வாங்கிவிட்டோம், இனி ஆஸ்பத்திரி எதற்கு என்று யாராவது கேட்டால் எனக்குக் கோபம்தான் வரும். அச்சும் கத்தியும் நோவைக் குறைக்கும். எலும்பு அரிக்காமல் நிறுத்துவது மருந்து மட்டும்தான். மாத்திரை ஒத்துவரவில்லை என்றால் அடுத்த கட்டமாக ஊசி மருந்துகள் இருக்கின்றன. விலை கூடுதல், போடுவதற்கு முன்பு காசநோய் உள்ளே ஒளிந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள்.

இப்போது அந்தப் பாசார் மாலாம் மாத்திரை. சிலது ஜாமு என்கிற நாட்டு மருந்து, சிலது 'மூலிகைக் கேப்சூல்', சிலது காப்பித்தூளாகவே வரும். எங்கள் வீட்டு வரிசையில் ஒருவர் அதைச் சாப்பிட்டு மறுநாளே மாடிப்படி ஏறினார், உண்மை. இதுவரை நான் எழுதிய எந்தச் சாமானும் அவ்வளவு வேகமாக வேலை செய்யாது. வேகம்தான் துப்பு. இந்த மாதிரிச் சரக்கில் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டைச் சொல்லாமல் கலந்திருப்பதை நம் நாட்டுச் சுகாதார அமைச்சு பல தடவை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. 1948 செப்டம்பரில் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் முடக்குவாதம் முற்றிய ஒரு பெண்ணுக்குத்தான் முதல்முதலாக கார்ட்டிசோன் ஊசி போட்டார்கள். சில நாளில் எழுந்து நடந்தார். 1950-இல் ஹென்ச், கெண்டல், ரைக்ஸ்டைன் மூவருக்கும் அதற்காக நோபல் பரிசு. அதே 1948 ஜூனில்தான் எங்கள் ஊர்த் தோட்டத் துரைமார் சுடப்பட்டு, கம்யூனிஸ்டுகளுக்கு எதிரான மலாயா எமர்ஜென்சி (அவசரகாலம்) பிறந்தது, சுங்கை சிப்புட் பெயர் உலகப் பத்திரிகைகளில் வந்தது. இங்கே லயத்தைச் சுற்றி முள்வேலி போட்டுக்கொண்டிருந்த காலத்தில் அங்கே அதிசய மருந்து என்று கொண்டாடினார்கள். கொண்டாட்டம் ரொம்ப நாள் நிற்கவில்லை. முகம் வீங்கியது, சர்க்கரை ஏறியது, எலும்பு மெலிந்தது.

இன்றைக்கும் டாக்டர்கள் ஸ்டீராய்டு கொடுக்கிறார்கள். குறைந்த அளவில், கொஞ்ச காலத்துக்கு, படிப்படியாகக் குறைத்து. கேப்சூல்காரர் எவ்வளவு கலந்தார் என்று யாருக்கும் தெரியாது. நீண்ட நாள் சாப்பிட்டவர் திடீரென்று நிறுத்தினால் உடம்பின் சொந்தச் சுரப்பி வேலை செய்ய மறந்து மயங்கி விழலாம். ஆகவே ஏற்கெனவே சாப்பிட்டுக்கொண்டிருக்கிறவர்கள் தூக்கி எறிய வேண்டாம், பொட்டலத்தோடு டாக்டரிடம் போங்கள். புதிதாக வாங்க நினைப்பவர்கள் பெட்டியில் எம்.ஏ.எல். என்று தொடங்கும் பதிவு எண்ணும் பளபளக்கும் ஹோலோகிராம் ஒட்டும் இருக்கிறதா என்று பாருங்கள். பாரம்பரிய மருந்தானால் எண் 'T' எழுத்தில் முடியும். எண் இருந்தாலும் முடக்குவாதம் குணமாகும் என்று எழுதியிருந்தால் நம்பாதீர்கள், அப்படிக் குணமாக்கும் மருந்து இன்னும் வரவில்லை. நோயை அடக்கிவைக்கலாம், வருஷக்கணக்காக.

உருத் என்கிற மலாய் மசாஜ் கடைகளைப் பற்றிச் சிலர் கேட்டிருந்தார்கள். கை காலுக்கு மெதுவாக எண்ணெய் தேய்த்தால் சுகமாகத்தான் இருக்கிறது. கழுத்தை மட்டும் தொட விடாதீர்கள். இந்த நோய் கழுத்தின் மேல் இரண்டு எலும்புகளைக் கட்டியிருக்கும் நாரையும் தளர்த்தலாம். சொடுக்கு எடுக்கிறேன் என்று யாராவது திருப்பினால் முதுகுத்தண்டு நரம்பு நசுங்கிவிடலாம்.

கடைசியாகச் செருப்பு. டாக்டர் ஒவ்வொரு முறையும் 28 மூட்டை அமுக்கிப் பார்த்துக் கணக்குப் போடுவார். தோள், முழங்கை, மணிக்கட்டு, விரல்கள், முட்டி. பாதம் அந்தக் கணக்கிலேயே இல்லை. நாமே செருப்பைக் கழற்றிக் காட்டினால்தான் உண்டு. அடுப்படியில் மணிக்கணக்காக நிற்கிறவளுக்குப் பாதம்தான் முதலில் கத்தும். ஜப்பான் செருப்பு (விரலிடுக்கில் வார் போகும் ரப்பர் செருப்பு) ஆகவே ஆகாது. கட்டைவிரலால் கவ்விக்கொண்டே நடக்க வேண்டும். நான் போடுவது அடி தடித்து, முன்பக்கம் கொஞ்சம் மேலே வளைந்து, மேலே அகலமான ஒட்டுப்பட்டை வைத்தது. வீட்டுக்குள் போட தனியாக ஒரு ஜோடி. வீட்டுக்குள் செருப்பா என்று அம்மா முணுமுணுத்தார், அடுப்படியோடு நிறுத்திக்கொண்டேன், சாமி அறைக்குப் போவதில்லை. விலை 60 வெள்ளிக்குக் கொஞ்சம் மேலே. குறை என்றால், எண்ணெய் சிந்திய டைல்ஸில் வழுக்குகிறது. அடியில் வரி ஆழமாக இருக்கிறதா என்று கவிழ்த்துப் பார்த்து வாங்குங்கள். சாயங்காலம் போய் அளவு பாருங்கள், கால் வீங்கியிருக்கும் நேரத்தில் பொருந்துகிற அளவுதான் சரியான அளவு.